வராமல் போன பீப்

அத்தியாயம் ஆறு

"பதினொண்ணு," என்றார் அண்ணி. "இன்னொரு தரம் சுத்திட்டு வா தம்பி."

பதினோரு தரம் ஒரே சந்துக்குள் காரை விட்டு எடுத்தாயிற்று. எனக்குத் தலை சுற்றியது, காருக்குப் பெட்ரோல் இறங்கியது, அண்ணிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணி, அண்ணனின் மனைவி. பதினாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களாகப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் அவருக்கு உதவியாளன், டிரைவர், திட்டு வாங்க ஓர் ஆள். அண்ணன் அவரைக் கல்யாணம் செய்துகொண்டதே எனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்றுதான் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. அண்ணன் மறுப்பதில்லை.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது, காரை விட்டு இறங்காமலே காபியும் பன்னும் வாங்கிக்கொண்டு போகிற ஒரு கடையின் பின்பக்கச் சந்து. ஒரு பக்கம் ஜன்னலே இல்லாத சுவர். இன்னொரு பக்கம் விலைப் பலகை, அதன் கீழே ஒரு ஸ்பீக்கர். பலகைக்கு எதிரே ஒரு கம்பம், அதன் உச்சியில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சென்சார். கார் வந்து அதன் அடியில் நின்றால் உள்ளே ஆர்டர் எடுப்பவர் காதில் பீப் அடிக்கும். அது அடித்தால்தான் மைக் திறக்கும். அவர் "வணக்கம்" என்பார், நாம் கேட்டதைச் சொல்லிவிட்டு, மூலை திரும்பி ஜன்னலில் வாங்கிக்கொண்டு போகலாம்.

பன்னிரண்டாவது தரமும் பீப் அடித்தது. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்களும் பத்துக் கார் விட்டுப் பார்த்தோம் மேடம். பத்துக்கும் அடிச்சுது. டெக்னீஷியன் கையெழுத்துப் போட்டுக் குடுத்த ரிப்போர்ட் இருக்கு. மிஷின் மேல தப்பு இல்ல."

மிஷின் மேல் தப்பு இல்லை என்றால் யார் மேல் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த அம்மா சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் ஒரு மதியம் இந்தச் சந்தில் ஒருவர் காருக்குள்ளேயே இறந்துபோனார். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசல் செக்யூரிட்டி நோட்டில் அவருடைய கார் நம்பர் மூன்று மணி நான்கு நிமிஷத்துக்கு எழுதியிருக்கிறது. அடுத்த கார் மூன்று இருபத்து மூன்றுக்கு. அந்த அடுத்த காரில் வந்தவர்தான் முன்னால் நிற்கும் கார் நகரவில்லையே என்று இறங்கிப் போய்ப் பார்த்து, சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டார். இடையில் பத்தொன்பது நிமிஷம். மாரடைப்பு. பத்து நிமிஷம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

அந்த நேரத்தில் ஹெட்செட் மாட்டியிருந்தவர் இந்த அம்மாதான். கடையில் அவருக்குக் குரலம்மா என்று பெயர். ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய குரல் தெரியும், முகம் தெரியாது. பீப் அடித்தும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று அவர் மேல் புகார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கம்பெனி விசாரணை, போலீஸ்காரரும் வந்து உட்காரப் போகிறார். முடிவு அவருக்கு எதிராகப் போனால் வேலை போகும், அதோடு நிற்காமல் உயிர் போகக் காரணமாக இருந்தார் என்று கேஸும் பாயும்.

புகார் கொடுத்தவர் இறந்தவரின் தம்பி. அரசு நூலகத்தில் நூலகர். எங்களை அமர்த்தியவரும் அவர்தான். "பீப் அடிச்சுதுன்னு நிரூபிச்சுக் குடுங்க, போதும்" என்று அன்றைக்குக் காலையில்தான் ஒரு பைல் கட்டைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். அதன் நூல் முடிச்சை அவிழ்க்க முடியாமல் நகம் உடைந்து, கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டினேன்.

அண்ணி குரலம்மாவிடம் போனார். "நீங்களே சொல்லுங்கம்மா."

"அடிக்கலைங்க." சத்தமே இல்லாமல் சொன்னார். "ஒம்பது வருஷமா இந்தப் பீப் என் காதுல. வீட்டுல குக்கர் விசில் அடிச்சாக்கூட 'வணக்கம், என்ன வேணும்'னு சொல்லிடுவேன், பிள்ளைங்க சிரிக்கும். அது அடிச்சு நான் எடுக்காம இருக்க முடியாதுங்க. என்னால முடியவே முடியாது."

"ஹாரன் எதுவும்?"

"புகை இழுக்கற ஃபேன் ஓடிட்டே இருக்கும். வெளியில இடி விழுந்தாலும் உள்ள கேக்காது."

அண்ணி ஏணி போட்டு ஏறினார். சென்சார் வாயில் சிலந்தி வலை இருக்கிறதா பார்த்தார். இல்லை. திருகாணி தளர்ந்து முகம் திரும்பியிருக்கிறதா பார்த்தார். நேராகத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்று வைக்கிற திருகும் சரியாக இருந்தது.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியுமா தம்பி? நம்ம காதுக்குக் கேக்காத ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பும். அது தரையில பட்டுத் திரும்பி வர இவ்வளவு நேரம்னு அதுக்குத் தெரியும். நடுவுல கார் கூரை வந்தா சத்தம் சீக்கிரம் திரும்பிடும். சரி, யாரோ வந்திருக்காங்கன்னு பீப் அடிக்கும்."

"வாசலுக்கு யார் வந்தாலும் எட்டிப் பார்க்கற எங்க பக்கத்து வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க."

"நீ போய் அடியில நில்லு."

நின்றேன். உள்ளே பீப் அடித்தது. என் மண்டையையும் கார் என்று நம்பிவிட்டது. மேனேஜர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"பேனர் ஆடினா அடிக்கும், மழை பெஞ்சா அடிக்கும், ஆள் நடந்தா அடிக்கும்," என்று இறங்கியபடியே சொன்னார் அண்ணி. "சும்மா சும்மா அடிக்கறதுதான் இதோட வியாதி. அடிக்காம இருக்கறது இதோட வியாதி இல்ல. மிஷினும் நல்லா இருக்கு, அந்தம்மாவும் பொய் சொல்லல."

"அப்ப பொய் சொல்றது யாரு, போனவரா?"

அண்ணி முறைத்தார். சில நேரம் என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

"நீ ஒண்ணு யோசி. காலையில அந்தத் தம்பிகிட்ட ஒரு கேள்வி கேட்டேனே, ஞாபகம் இருக்கா? உங்க அண்ணனுக்கு இந்தக் கடை பழக்கமான்னு."

ஞாபகம் இருந்தது. இல்லவே இல்லை என்றார் நூலகர். காருக்குள் உட்கார்ந்தபடி காபி குடிப்பது அண்ணனுக்குப் பிடிக்காதாம். ஆயுசெல்லாம் ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்து முதுகு போனவர். எங்கே நிறுத்தினாலும் இறங்கி, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, நின்றுகொண்டேதான் டீ குடிப்பாராம்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாரு," என்றார் அண்ணி.

எதிரே ஒரு டீக்கடை. நான்கு பேர் நின்றுகொண்டே குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் அந்தம்மா ஏன் பேசலைன்னே கேக்கறாங்க. அவர் ஏன் இங்க வந்தார்னு ஒருத்தரும் கேக்கல."

கேள்வி நல்ல கேள்விதான். பதில் யோசிக்க எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. ஊழியர்கள் ஓய்வெடுக்கிற அறைக்குள் போனேன். நாற்காலிகள் மேல் எல்லாம் பைகள். சுவரோரம் ஒரு மெத்தை சாத்தி வைத்திருந்தது. கனமான நுரை மெத்தை, உறை எதுவும் இல்லை, மேல்பக்கம் முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. முதுகைச் சாய்த்தேன். சொர்க்கம்.

"அண்ணி, இந்தக் கேஸுக்குச் சம்பளமா இந்த மெத்தையைக் கேட்டு வாங்கிடுங்க. அண்ணன் குறட்டையைக்கூட இது முழுங்கிடும்."

வாசலில் நின்ற செக்யூரிட்டி தொண்டையைச் செருமினார். "அது அந்தய்யாவோட மெத்தைங்க. கார் மேல கட்டிக் கொண்டு வந்தாரு. அன்னிக்கு இறக்கி, அதுமேலதான் படுக்க வச்சோம். ஆம்புலன்ஸ் போனதுக்கப்புறம் இதை யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியல."

நான் எழுந்து நின்றுவிட்டேன். முதுகு கூசியது.

அண்ணி மெத்தையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுத்தார். மறுபடி அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப என்ன சொன்னே?"

"தப்புதான் அண்ணி, தெரியாம..."

"அது இல்ல. எதை முழுங்கிடும்னு சொன்னே?"

ஐந்து நிமிஷத்தில் நானும் மேனேஜருமாக மெத்தையைத் தூக்கி என் கார் கூரை மேல் வைத்தோம், முட்டை அட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி. கட்டக் கயிறு கேட்டேன். செக்யூரிட்டி தன் நாற்காலிக்கு அடியிலிருந்து நீல நைலான் கயிற்றை எடுத்து வந்தார். நான்கு துண்டாக இருந்தது. அண்ணி அதை என் கையிலிருந்து வாங்கினார், திருப்பித் தரவில்லை.

"கயிறு வேண்டாம். மெதுவா உருட்டிட்டு வா. நான் அந்தம்மாகூட உள்ள நிக்கறேன்."

பதின்மூன்றாவது தரம் அந்தச் சந்துக்குள் போனேன். கம்பத்தின் அடியில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். ஸ்பீக்கரைப் பார்த்துக் காத்திருந்தேன்.

வணக்கம் வரவில்லை.

"ஹலோ," என்றேன். "அம்மா, கேக்குதா?"

சுவர்தான் இருந்தது. விலைப் பலகையின் கீழே ஒரு வரி எழுதியிருந்ததை அதுவரை நான் படிக்கவில்லை. 'உங்களை அழைக்கும் வரை தயவுசெய்து காத்திருக்கவும்.' அவரும் அதைப் படித்திருப்பார். மரியாதை தெரிந்த மனுஷன், சொன்னபடி காத்திருந்திருப்பார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. இரண்டு நிமிஷம்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் பத்தொன்பது நிமிஷம்.

மெத்தையை இறக்கிவிட்டு மறுபடி வந்தேன். பீப் அடித்தது.

உள்ளே போனபோது குரலம்மா ஹெட்செட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பழி நீங்கிய அழுகை மாதிரி தெரியவில்லை.

"சென்சார் அனுப்பின சத்தத்தை மெத்தை உறிஞ்சிடுச்சு," என்று அண்ணி மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "திரும்பி எதுவும் வரல. எதுவும் வரலைன்னா யாரும் இல்லைன்னு அது முடிவு பண்ணிக்கும். நீங்க பத்துக் கார் விட்டீங்க, பத்தும் வெறும் தகரக் கூரை."

"அப்ப அவர் கூப்பிட்டிருக்காரு," என்றார் குரலம்மா. "நான் உள்ள பன்னு அடுக்கிட்டு இருந்திருக்கேன். அவர் அங்க உக்காந்து கூப்பிட்டிருக்காரு."

அண்ணி அவர் தோளில் கொஞ்ச நேரம் கை வைத்திருந்தார். பிறகு செக்யூரிட்டியைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"இந்தக் கயிறு ஏன் அறுந்திருக்கு? முடிச்செல்லாம் அப்படியே இருக்கே."

"அவிழலைங்க. கயிறை கார் ஜன்னல் வழியா உள்ள விட்டு, மெத்தை மேல சுத்தி, அந்தப் பக்க ஜன்னல் வழியா வாங்கி, முன்னாடியும் அப்படித்தான் பின்னாடியும் அப்படித்தான். நாலு கதவையும் சேர்த்துக் கட்டின மாதிரி ஆயிடுச்சு. கதவைத் திறக்கவே முடியல. பின்னாடி கார்க்காரர் கத்தி கொண்டு வந்து அறுத்தாரு."

"போலீஸ்ல இதைச் சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலைங்க. எத்தனை மணிக்கு வந்தாருன்னுதான் கேட்டாங்க, நோட்டைக் காட்டினேன்." அவர் தரையைப் பார்த்தார். "ஒரு ஹாரன் சத்தம் கேட்டுதுங்க. ரோட்டுல யாரோன்னு இருந்துட்டேன்."

அவர் போன பிறகு அண்ணி கயிற்றின் முடிச்சுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க ஏன் வந்தார்னு தெரிஞ்சுடுச்சு தம்பி. நெஞ்சு என்னமோ பண்ணியிருக்கு, குடிக்க ஏதாவது வேணும்னு இருந்திருக்கும். எதிர்ல டீக்கடை. ஆனா காரை விட்டு இறங்க முடியாது. இறங்காம வாங்கற கடை ரோட்டுல இது ஒண்ணுதான்."

அண்ணி கயிற்றின் ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

"முடிச்சைப் பாரு. லாரிக்காரர் இப்படிக் கட்ட மாட்டார். அவங்க முடிச்சு நல்லா இறுக்கிப் பிடிக்கும், நுனியை ஒரு இழு இழுத்தா அவிழ்ந்துடும். இது ரெண்டு தரம் போட்ட முடிச்சு, மீதி நுனியை உள்ளே சொருகி வச்சிருக்கு. பழைய புத்தகம் கட்டறவங்க கட்டற கட்டு."

உடைந்த நகத்தைப் பார்த்தேன். காலையில் நான் வெட்டிய நூலிலும் அதே இரட்டை முடிச்சு, அதே சொருகல்.

"அடக் கடவுளே," என்றேன்.

"கயிறை நம்ம டிக்கியில போடு. அந்தம்மாவைக் காப்பாத்த மெத்தை போதும். அந்த மனுஷனுக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணன், அவரும் போயிட்டார். இதையும் எடுத்து அவர் கையில குடுக்கணுமா?"

அண்ணி ஒரு கேஸில் எதையாவது மறைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டிக்கியில் போட்டுப் பூட்டினேன்.

நாலு மணிக்கு நூலகர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. ஊழியர்கள் அறையில் உட்கார வைத்து அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். சத்தம், எதிரொலி, நுரை. குரலம்மா மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நூலகர் ஒரு தடவைகூட அவர் பக்கம் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த மெத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதனால பீப் அடிக்கல. யாரும் வேணும்னு எதுவும் செய்யல," என்று முடித்தார் அண்ணி. "புகாரைத் திரும்ப வாங்கிடுங்க தம்பி."

நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டார்.

"கயிறு எங்கேங்க?"

அண்ணி என்னைப் பார்த்தார்.

"நீங்க பார்த்திருப்பீங்க. பார்க்காம இருக்க மாட்டீங்க." அவர் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "அண்ணனுக்கு முதுகு வலி, அதனால நான்தான் மெத்தை வாங்கிக் குடுத்தேன். அவரே கட்டிக்கறேன்னாரு. நீ குனியாதேண்ணா, போய் உக்காருன்னு உக்கார வச்சுட்டு நான் கட்டினேன். கட்டி முடிச்சதும் உள்ள இருந்து சிரிக்கறாரு. டேய், நான் எப்படிடா இறங்கறதுன்னு. பத்து நிமிஷத்துல வீடு, பேசாம ஓட்டுண்ணா, நான் பின்னாடியே பைக்ல வந்து அவிழ்த்து விடறேன்னேன். லைப்ரரில இருந்து ஒரு போன். பேசிட்டுக் கிளம்பலாம்னு நின்னேன்."

மேனேஜர் மெதுவாக வெளியே போய்விட்டார்.

"முதல் நாள்லயே உங்களுக்குத் தெரியும்," என்றார் அண்ணி.

"தெரியும். பீப் அடிச்சுதுன்னு யாராவது சொல்லிட்டா, பழியில பாதி அவங்க மேல போயிடும்னு நினைச்சேன். பாதின்னா தாங்கிக்கலாம்னு." இப்போதுதான் குரலம்மாவைப் பார்த்தார். "தப்பு பண்ணிட்டேன்மா. உங்களை ரொம்பப் படுத்திட்டேன்."

குரலம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நான் மட்டும் என்னை விட்டு வச்சேனா. இருபத்திரண்டு நாளா நீங்க திட்டினதைவிட நான் என்னைத் திட்டினது அதிகம். இப்ப தப்பு என் மேல இல்லைன்னு ஆனதும் நீங்க உங்களைத் திட்டிக்க ஆரம்பிக்காதீங்க."

"அந்த மிஷின் சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பீங்க."

"வந்திருப்பேன்."

"வந்திருந்தாலும் கதவு திறந்திருக்காதும்மா."

"அறுத்திருப்பேன்யா," என்றார் குரலம்மா. "கையில பன்னு வெட்டற கத்தி இருந்துச்சு. கேட்டிருந்தா அறுத்திருப்பேன்."

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். நூலகர் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார், குழந்தைகள் அழுகிற மாதிரி, மூச்சு விட இடமில்லாமல். குரலம்மா எழுந்து சுற்றி வந்து, அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மறுநாள் பத்து மணி விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அண்ணி மெத்தையை விளக்கினார். மேனேஜர் ஒப்புக்கொண்டார். குரலம்மா மேல் எந்தத் தவறும் இல்லை என்று கம்பெனி அதிகாரி வாசித்துவிட்டு பைலை மூடினார். போலீஸ்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நூலகரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கயிறு எங்கள் டிக்கியில் பத்திரமாக இருந்தது.

அவராகவே எழுந்து நின்றார்.

"ஒண்ணு பாக்கி இருக்குங்க," என்று ஆரம்பித்து, ஜன்னல், கயிறு, முடிச்சு, போன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அண்ணி வேண்டாம் என்று தலையாட்டியதை அவர் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

போலீஸ்காரர் தொப்பியை மறுபடி மேஜை மேல் வைத்தார். வயதானவர். பேனாவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இது கேஸ் இல்ல சார்," என்றார். "இதை நான் எழுதணும்னு அவசியம் இல்ல."

"எழுதிடுங்க சார்," என்றார் நூலகர். "அவர் ஏன் இறங்கலைன்னு எங்கேயாவது இருக்கட்டும்."

போலீஸ்காரர் காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார்.